மங்கும் ஒஸ்லோ வெயிலும்

கன்ன மேட்டிலும் மூக்குத்தண்டிலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் பழுப்பாகப் படர்கிற திட்டுக்குத் தமிழில் மங்கு என்று பெயர். மருத்துவர்கள் மெலாஸ்மா என்கிறார்கள். பெரும்பாலும் முகத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி விழும். அரிக்காது, செதில் உதிராது, தடவிப் பார்த்தால் மற்ற இடத்துத் தோல் போலவே இருக்கும். பூஞ்சையால் வரும் தேமல் வேறு, பரு ஆறியபின் நிற்கும் கரும்புள்ளி வேறு, கண்ணைச் சுற்றிய கருவளையம் வேறு. மங்கினால் உயிருக்கு ஓர் ஆபத்தும் இல்லை. ஆனால் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் கண்ணில் படுவதால் மனத்தை அரிக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் முகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது அதைவிட அரிக்கிறது.

மங்கு உண்டாவதில் பெரும்பாலும் மூன்று காரணங்கள் கைகோக்கின்றன. பிறவியிலேயே நிறமி எளிதில் ஊறும் தோல் ஒன்று, பெண்மை சார்ந்த ஹார்மோன்களின் தூண்டல் இன்னொன்று, மூன்றாவது வெளிச்சம். கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும் காலத்திலும் மங்கு தலைகாட்டுவது இரண்டாவது காரணத்தால்தான். மேற்கு வங்கத்தில் 312 நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரையில், நான்கு பெண்களுக்கு ஓர் ஆண் என்ற கணக்கில் மங்கு இருந்தது; மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்திலும் அது இருந்தது. பிறவியை மாற்ற முடியாது. ஹார்மோனை ஓரளவுக்குத்தான் கையாளலாம். கைக்கு முழுதும் அடங்குவது மூன்றாவது காரணம் மட்டுமே. அதனால்தான் மங்குக்கான எந்தச் சிகிச்சையும் வெளிச்சத்தைத் தடுப்பதிலிருந்து தொடங்குகிறது.

தோலின் மேலடுக்கின் அடித்தளத்தில் மெலனோசைட் என்னும் நிறமி அணுக்கள் உண்டு. வெயில் பட்டதும் இவை மெலனினைச் செய்து சுற்றியுள்ள அணுக்களுக்கு வழங்குகின்றன. உயிரணுவின் மரபுப்பொருளுக்கு அந்த மெலனின் குடையாகிறது. மங்கு உள்ள தோலில் இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் நிறமி மட்டும் கூடியிருப்பதில்லை. அடித்தளப் படலம் நைந்திருக்கிறது, அதன் வழியே நிறமி கீழடுக்கில் சிந்தியிருக்கிறது, இரத்த நாளங்கள் பெருகியிருக்கின்றன, நெடுநாள் வெயில் தின்ற தோலில் காணும் மாற்றங்கள் எல்லாம் இருக்கின்றன. மங்கை வெறும் நிறக்கோளாறாகப் பார்க்காமல், வெளிச்சத்தால் தோல் மூப்படைவதன் ஒரு வகையாகப் பார்க்க வேண்டும் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். மேலே தெரியும் கறையை அகற்றினாலும் கீழே சேதம் இருக்கிற வரை மங்கு திரும்பி வருவதற்கும் இதுவே விளக்கம்.

வெளிச்சத்தின் இந்தக் கதை வடக்கே குடியேறிய தமிழருக்கும் பொருந்தும். நோர்வேக்கு வந்த முதல் தமிழராக அறியப்படும் அன்ரனி இராஜேந்திரம் 1956-இல் யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியாக வந்து சேர்ந்தார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நாட்டார் உயர்பள்ளிகளுக்கு மாணவர்களாகவும், பின்னர் போரிலிருந்து தப்பிய அகதிகளாகவும் பலர் வந்தார்கள். வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்த குடும்பங்கள் பிற்பாடு தெற்கே இறங்கி ஒஸ்லோவில், குறிப்பாகக் குரூருட் பள்ளத்தாக்கில், குடியேறின. இன்று நாட்டில் இலங்கைத் தமிழ் வழிவந்தோர் பத்தாயிரத்துக்கும் மேல். வெயில் குறைந்த நாட்டுக்கு வந்தபிறகு மங்குக்கு இடமேது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒஸ்லோவின் வெளிச்சம் அப்படி எளிதாகக் கணக்கில் அடங்குவதில்லை.

ஒஸ்லோ வட அகலாங்கு 60 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏழு பாகைக்குள் ஊர்ந்துவிட்டு மறைகிறது. ஜூன் பிற்பகுதியில் விடிகாலை நாலு மணிக்கு முன்பே உதித்து இரவு பத்தரையைத் தாண்டித்தான் மறைகிறது. அந்த நாட்களில் உச்சியில் அது நிற்கும் உயரம் 53 பாகைக்குச் சற்று மேல். மார்கழியின் நண்பகலில் சென்னையில் சூரியன் நிற்கும் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே ஒஸ்லோவின் நடுக்கோடையை சென்னையின் மார்கழி வெயிலாக எண்ணிக்கொள்ளலாம், ஓசோன் படலம் வடக்கே தடித்திருப்பதால் சற்றே மட்டுப்பட்ட மார்கழி. ஆனால் அந்த மார்கழிப் பகல் பதினோரு மணி நேரம். ஒஸ்லோவின் ஜூன் பகல் ஏறக்குறைய பத்தொன்பது.

வெயிலின் கடுமையைச் சொல்ல உலகெங்கும் புற ஊதாக் குறியெண் பயன்படுகிறது. நோர்வேயில் கதிர்வீச்சு மற்றும் அணுப் பாதுகாப்பு இயக்ககம் நாடு முழுவதும் அளவீட்டு நிலையங்கள் வைத்து இதைக் கண்காணிக்கிறது. ஒஸ்லோவில் கோடை உச்சத்தில் இந்த எண் பொதுவாக 5 அல்லது 6. நவம்பர் முதல் ஜனவரி வரை 1-ஐக்கூட எட்டாது. யாழ்ப்பாணத்திலோ 11-ஐத் தாண்டுவது வழக்கம். 3 அல்லது அதற்கு மேல் என்றால் காப்பு தேவை என்பது பொது அறிவுரை. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஒஸ்லோ அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. கோடை நேரக் கணக்கின்படி சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணி வாக்கில் என்பதால், பன்னிரண்டு மணியைத் தாண்டிவிட்டால் வெயில் இறங்கிவிடும் என்ற ஊர்க்கணக்கு இங்கே பொருந்தாது. பிற்பகல் மூன்று மணி வெயிலும் கடுமையான வெயில்தான்.

மங்கு உள்ளவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி, இந்தக் குறியெண் எதை அளக்கிறது என்பது. அது தோல் சிவந்து கன்றுவதை அளவுகோலாகக் கொண்டது. அந்தச் சிவப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது குறுகிய அலைநீளம் கொண்ட புற ஊதா-பி. நிலத்தை வந்தடையும் புற ஊதாவில் ஏறக்குறைய 95 விழுக்காடு புற ஊதா-ஏ. குறியெண்ணில் அதற்கு மிகச் சிறிய பங்குதான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்குப் பங்கே இல்லை. சூரியன் தாழ்ந்தால் புற ஊதா-பி சட்டென்று வற்றிவிடுகிறது. மற்ற இரண்டும் குறைகின்றன, ஆனால் அவ்வளவு வேகமாக அல்ல. வெள்ளைத்தோல் கன்றிச் சிவக்கிறதா என்று கேட்பவருக்குக் குறியெண் நல்ல வழிகாட்டி. பழுப்புத்தோலில் மங்கு கருக்கிறதா என்று கேட்பவருக்கு அது பாதி வழிகாட்டிதான்.

கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நிறமியைத் தூண்டும் என்பது நெடுங்காலம் அழுத்திச் சொல்லப்படவில்லை. 2010-இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகர ஆய்வாளர்கள் புற ஊதாவை நீக்கிவிட்டு, காணும் ஒளியை மட்டும் தன்னார்வலர்களின் தோலில் பாய்ச்சினார்கள். பழுப்பும் கறுப்புமான தோல்கள் கருத்தன. வெளிறிய தோல் கருக்கவில்லை. 2014-இல் பிரான்சில் நடந்த ஆய்வு, அந்த ஒளியிலும் நீலமும் ஊதாவும் சேர்ந்த பகுதியே கறை உண்டாக்குகிறது, சிவப்பு உண்டாக்குவதில்லை என்று காட்டியது. அந்தக் கறை மூன்று மாதம் வரை நின்றது. நீல ஒளியை நிறமி அணுக்கள் ஆப்சின்-3 என்ற புரதத்தால் உணர்கின்றன என்பது 2018-இல் வெளியானது. தோல் வகைகளுக்கு இன்று உலகம் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு 1975-இல் பிறந்தபோது வெள்ளைத்தோலை மட்டுமே மனத்தில் கொண்டிருந்தது. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய வகைகள் பின்னால் சேர்ந்தவை. வெயில் காப்பு பற்றிய அறிவும் அதே வரிசையில்தான் வளர்ந்திருக்கிறது. தோல் புற்றுநோயான மெலனோமா உலகிலேயே மிகுதியாகக் காணும் நாடுகளில் நோர்வேயும் ஒன்று. அதனால் அங்கே வெயில் பற்றிய எச்சரிக்கைகள் கன்றாதே, புற்றுநோய் வரும் என்பதைச் சுற்றியே அமைவது நியாயம். மெலனோமா அரிதாகவே தாக்கும் பழுப்புத்தோல் பெண்ணுக்கு அந்த எச்சரிக்கையில் தன் முகத்துக்கான செய்தி கிடைப்பதில்லை.

சன்ஸ்கிரீன் தேர்வு இங்கிருந்து தொடங்க வேண்டும். நோர்வே மருந்துக்கடையில் சூல்கிரேம் என்று எழுதிய அடுக்கில் எல்லாப் புட்டிகளிலும் பெரிதாக அச்சாகியிருப்பது எஸ்பிஎஃப் என்னும் காப்பெண். 30 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு உள்ளே போகும், 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. இதுவும் சிவப்பை வைத்து அளந்த எண்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு சிறிய வட்டத்துக்குள் யுவிஏ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புற ஊதா-ஏ-க்கு எதிரான காப்பு, அச்சிட்ட காப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்பதற்கு ஐரோப்பாவில் அந்த வட்டம் அடையாளம். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது நிறம்.

வெள்ளையாகவோ தெளிவாகவோ இருக்கும் சன்ஸ்கிரீன் காணும் ஒளியைத் தடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தோலில் கரைவது என்றாலே ஒளி அதற்குள் தடையின்றிப் போகிறது என்றுதான் பொருள். நீல ஒளியை மறிப்பது இரும்பு ஆக்சைடு. துருவின் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறப்பொடிகளான இவற்றைக் கலந்த சன்ஸ்கிரீன் தோல்நிறத்தில் இருக்கும். மெக்சிகோவில் 2014-இல் வெளியான ஆய்வில், மங்கு உள்ளவர்கள் எல்லாருக்கும் ஒரே வெளுப்பு மருந்தைக் கொடுத்து, பாதிப்பேருக்குப் புற ஊதாவை மட்டும் தடுக்கும் சன்ஸ்கிரீனும் மீதிப்பேருக்கு இரும்பு ஆக்சைடு சேர்த்ததும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் இரண்டாம் குழுவினரின் முகம் கூடுதலாகத் தெளிந்தது. அடுத்த ஆண்டு பிரான்சில் ஒரு கோடைக்காலம் முழுக்க நடந்த ஆய்வில், மங்கு மீண்டும் கருப்பதை நிறமுள்ள சன்ஸ்கிரீன் கூடுதலாகத் தடுத்தது. நிறமுள்ளதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் பழுப்புத்தோலில் சாம்பல் பூசியது போல வெளிறி நிற்கும். எத்தனையோ பெண்கள் சன்ஸ்கிரீனை ஒருமுறை பூசிப் பார்த்துவிட்டுக் கைவிடுவதற்கு அந்த வெளிறல்தான் காரணம். இரும்பு ஆக்சைடு அந்தச் சாம்பலை மறைத்துவிடுகிறது. கருமையான பழுப்புக்கு ஏற்ற சாயல் கிடைக்காத இடத்தில், நிறமற்ற சன்ஸ்கிரீனைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் தன் நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷனைத் தடிப்பாகப் பூசிக்கொள்ளலாம். ஃபவுண்டேஷனின் நிறமும் அதே இரும்பு ஆக்சைடுதான்.

எதை வாங்குவது என்பதைவிட எவ்வளவு பூசுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காப்பெண்ணைச் சோதனைக்கூடத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகமும் காதும் கழுத்தின் முன்புறமும் சேர்ந்து ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒருமுறைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் அது ஏறக்குறைய வந்துவிடும். காலையில் ஒருமுறை மட்டும் பூசினால்கூட 50 மில்லிப் புட்டி ஒன்றரை மாதத்தில் தீர வேண்டும். ஏப்ரலில் வாங்கிய புட்டி செப்டம்பரிலும் குலுக்கினால் சத்தம் கேட்கிறது என்றால், முகத்தில் ஏறியது அச்சிட்ட 50 அல்ல, அதில் சிறு பங்கு. இரண்டு கோட்டையும் ஒரே வீச்சில் தேய்த்தால் வழுக்கும், கோடு கோடாக நிற்கும். ஒரு கோட்டை முதலில் பரப்பி, இரண்டு நிமிடம் விட்டு, மற்றதை அதன் மேல் ஒற்றினால் படியும். மேலுதட்டுக்கு மேலும் காதுக்கு முன்னாலும் மயிர்க்கோட்டை ஒட்டியும் கை போகாமல் விட்டுப்போவது வழக்கம். மங்கு விரும்பித் தங்கும் இடங்களில் மேலுதடும் நெற்றியும் உண்டு. வெளியே இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

முறையாகப் பூசினால் பலன் எவ்வளவு என்பதற்கு மொரோக்கோவில் நடந்த ஆய்வு நல்ல சான்று. கர்ப்பிணிகளுக்கு மங்கு மிகுதியாக வரும் நாடு அது. புற ஊதா-ஏ-யையும் நன்றாகத் தடுக்கும் 50+ சன்ஸ்கிரீனைக் கர்ப்ப காலம் முழுவதும் பூசிய 185 பெண்களில் ஐந்து பேருக்கு மட்டுமே புதிதாக மங்கு வந்தது என்று 2007-இல் வெளியான முடிவு சொல்கிறது. அதற்கு முன் அதே நாட்டில் கண்டிருந்தது பாதிக்கும் மேல். ஒப்பிடத் தனிக் குழு வைக்காத ஆய்வு என்பது இதன் குறை. ஆனாலும் மங்கைப் பொறுத்தவரை சிகிச்சையைவிடத் தடுப்பு எவ்வளவு எளிது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு குறைவு. முதல் கர்ப்பத்தில் மங்கு வந்த பெண்ணுக்கு இரண்டாவது கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இந்த அறிவுரை கிடைக்க வேண்டும்.

ஒஸ்லோ வாழ்க்கையில் வெயில் எங்கே பிடிக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசந்தத்தில் எல்லாரும் கூடி முற்றம் துப்புரவு செய்யும் டுக்னாட் நாள், குளிர் காற்று வீசுவதால் வெயில் உறைக்காத மூன்று மணி நேரம். மே 17 தேசிய நாளில் பிள்ளைகளின் ஊர்வலத்தைப் பார்க்கக் கார்ல் யூஹான் தெருவில் காத்து நிற்பது இன்னொன்று. குறியெண் அப்போதே 4 அல்லது 5-ஐ எட்டியிருக்கும். உதைபந்தாட்டத் திடலோரம் மாலை ஐந்து மணிக்கு நிற்கும் தாய்க்குச் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கிறது, தலைக்கு மேலே அல்ல. வடக்கின் வெயிலுக்குத் தொப்பி முழுத் தீர்வாகாததற்கு இதுவே காரணம். அகல விளிம்புத் தொப்பி உச்சி வெயிலை மறைக்கும். சாய்ந்து வரும் வெயில் விளிம்புக்கு அடியில் நுழைந்து கன்னத்தில் விழும். ஜன்னல் கண்ணாடி புற ஊதா-பி-யைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, புற ஊதா-ஏ-யையும் காணும் ஒளியையும் விட்டுவிடுகிறது. தெற்கு நோக்கிய ஜன்னலோரம் நாள்முழுதும் அமர்ந்து வேலை செய்பவருக்கும், பக்கக் கண்ணாடியருகே கன்னம் காட்டிப் பேருந்து ஓட்டுபவருக்கும் கண்ணாடிக்கு உள்ளேயும் வெயில் உண்டு. ஈஸ்டர் விடுமுறையில் பனிமலைக்குப் போவது நோர்வேக்காரர்களின் மரபு. புதுப்பனி புற ஊதாவில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அடிக்கும், ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் பத்து விழுக்காடு அளவுக்குக் கதிர் கூடும். கீழிருந்து மேலே அடிக்கும் அந்த வெயிலுக்கு மோவாயின் அடிப்புறத்திலும் பூச வேண்டும்.

இத்தனை காப்பும் ஒரு கேள்வியில் போய் முட்டுகிறது. வெயில் படாவிட்டால் வைட்டமின் டி எங்கிருந்து வரும்? இது வீண் அச்சம் அல்ல. ஒஸ்லோவில் துருக்கி, இலங்கை, ஈரான், பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய ஐந்து நாட்டுக் குடியேறிகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கும் மேலாக இரத்தத்தில் வைட்டமின் டி லிட்டருக்கு 25 நானோமோலுக்குக் கீழே இருந்தது. 2008-இல் இன்னொரு ஆய்வு ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்பவர்களையும் ஒப்பிட்டது. கண்டியில் சராசரி 54.2, ஒஸ்லோவில் 31.5. ஒஸ்லோவில் இலங்கையர் என்றால் பெரும்பாலும் தமிழர். போதுமானது என்று பொதுவாகக் கொள்ளப்படும் அளவு 50. பழுப்புத்தோலுக்கு அதே வைட்டமினைச் செய்ய வெள்ளைத்தோலைவிடக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை ஒஸ்லோவின் வெயிலில் அதற்கான புற ஊதா-பி கிட்டத்தட்ட இல்லை. மூட்டுவலி, தசைச்சோர்வு என்று மருத்துவரிடம் போகும் தமிழ்ப் பெண்களிடம் வெயிலில் நடங்கள் என்பார்கள். தோல் மருத்துவரோ வெயிலைத் தவிருங்கள் என்பார். இரண்டும் ஒரே பெண்ணின் காதில் விழுகின்றன.

இந்த முரண் தீரக்கூடியது. வைட்டமின் டி வாய்வழியாக வரும். வெயில் காப்பு வாய்வழியாக வராது. இந்த ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக ஒழுங்காகும். முகம் உடற்பரப்பில் ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்கும். அதை மூடி வைப்பதால் இழக்கும் வைட்டமின் மிகச் சிறிது. வேண்டுமானால் கோடையில் கையையும் காலையும் வெயிலுக்குக் காட்டலாம். குளிர்காலத்துக்கு நோர்வே மக்கள் பழைய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: திரான் என்னும் கொட் மீன் ஈரல் எண்ணெய். பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, நாளுக்கு ஒரு சிறு கரண்டி. ஐந்து மில்லி எண்ணெயில் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் நாளளவும் அதுவே. மூதாட்டிகளுக்கும் முதியவர்களுக்கும், 75 வயதைக் கடந்திருந்தால், 20. எண்ணெயில் வைட்டமின் ஏ-யும் இருப்பதால், குறிப்பாகக் கர்ப்பிணிகள், கரண்டியைக் கூட்டக் கூடாது. மரக்கறி உண்பவர்களுக்கும் விரத காலத்துக்கும், பாசிக்காளானிலிருந்து எடுத்த டி-3 மாத்திரையாகக் கிடைக்கிறது. குறைபாடு ஏற்கெனவே இருந்தால் இந்த அளவு போதாமல் போகலாம். அதை ஃபாஸ்ட்லேகே என்று அங்கே அழைக்கும் குடும்ப மருத்துவர் இரத்தப் பரிசோதனையை வைத்துச் சொல்ல வேண்டும். மங்கு உள்ள தமிழ்ப் பெண்ணுக்கு ஒஸ்லோவில் உறுதியாகத் தேவைப்படும் துணைச்சத்து இது ஒன்றுதான். இது மங்கைப் போக்காது. முகத்தைத் தயக்கமின்றிக் காக்கும் சுதந்திரத்தைத் தருகிறது.

தோலை உள்ளிருந்து காக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளின் கதை வேறு. அவற்றில் ஓரளவு ஆராயப்பட்டது மத்திய அமெரிக்காவின் பெரணி ஒன்றின் சாறான பாலிபோடியம் லியூகோடோமோஸ். வெயிலில் தோல் சிவப்பதை அது சற்றுக் குறைக்கிறது என்று சிறு ஆய்வுகள் காட்டின. மங்குக்கு உதவுமா என்பதில் முடிவுகள் பிரிகின்றன. அமெரிக்காவில் மங்கு உள்ள பெண்களுக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்தபோது மாத்திரை தின்றவர்களும் வெற்று மாத்திரை தின்றவர்களும் ஒரே அளவு தேறினார்கள். இரு குழுவினரும் சன்ஸ்கிரீன் பூசியிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால் எது வேலை செய்தது என்பது விளங்கும். சிங்கப்பூரில் வெளுப்பு மருந்தோடும் சன்ஸ்கிரீனோடும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் தெரிந்தது. ஆக, மற்றவை எல்லாம் சரியாக நடக்கும்போது பணம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல இடமில்லை. சன்ஸ்கிரீனுக்கு மாற்று என்று மாத்திரை விற்ற நிறுவனங்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரிக்கை அனுப்பியது.

வைட்டமின் சி-யும் ஈ-யும் சேர்ந்து தோல் சிவப்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். மங்கில் தெளிவான சான்று இல்லை. காரட்டின் நிறச்சத்தான பீட்டா கரோட்டின், வாரக்கணக்கில் தின்றாலும் மிகச் சிறிய காப்பையே தரும். அதை மாத்திரையாக நெடுநாள் எடுப்பதில் ஆபத்தும் உண்டு: பக்கத்து நாடான பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்து 1994-இல் வெளியான பெரிய ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது. காரட் பொரியலுக்கு இதில் எந்தக் குற்றமும் இல்லை. குளூட்டாத்தயோன் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டும். முகம் வெளுக்கும் என்று ஊரில் அழகு நிலையங்கள் ஊசியாகவே ஏற்றுகின்றன. அதற்குச் சான்று மெலிது, ஊசிக்கு ஆபத்து பெரிது. பிலிப்பீன்ஸ் அரசு 2011-லேயே எச்சரித்தது. மங்கைக் காப்பது வெள்ளையாவதற்கான முயற்சி அல்ல. தன் நிறத்தைச் சீராகத் திரும்பப் பெறுவது ஒன்று, நிறத்தையே வெறுப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே புட்டியில் அடைத்து விற்பது பெண்களுக்குச் செய்யும் அநீதி.

வாய்வழி எடுப்பவற்றில் மங்கைக் கண்ணுக்குத் தெரிய மாற்றக்கூடியது டிரனெக்ஸாமிக் அமிலம். அது துணைச்சத்து அல்ல, இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. 1979-இல் ஜப்பானில், வேறு நோய்க்காக அதை எடுத்தவரின் மங்கு வெளிறியதை ஒரு மருத்துவர் கவனித்ததிலிருந்து இந்தப் பயன்பாடு தொடங்கியது. 2018-இல் வெளியான ஆய்வில் நாளுக்கு இருமுறை 250 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மூன்று மாதத்தில் மங்கின் கடுமை பாதியாகக் குறைந்தது. நிறுத்தி மூன்று மாதம் ஆனதும் அந்த நன்மையில் ஏறக்குறைய பாதி கரைந்துபோனது. சிங்கப்பூரில் 561 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது பத்தில் ஒன்பது பேர் தேறியிருந்தார்கள், ஒருவருக்குக் காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டியது. அவர் குடும்பத்தில் இரத்தம் எளிதில் உறையும் பிறவிக்கோளாறு இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இரத்தக்கட்டு வந்திருக்கிறதா, கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா, கர்ப்பமா, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்காமல் யாரும் அதைத் தரவோ எடுக்கவோ கூடாது. உறவினர் பயணப்பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கும் மாத்திரையாக அது இருக்கவே கூடாது.

பயணப்பெட்டியில் வருபவற்றில் இன்னும் கேடு செய்வது களிம்பு. வலுவான ஸ்டிராய்டு கலந்த களிம்புகளை இந்தியக் கடைகளில் சீட்டில்லாமல் வாங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டிராய்டு மூன்றும் சேர்ந்த கலவை 1975-இல் கிளிக்மேன் வகுத்தது. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் பூசினால் மங்குக்கு நல்ல மருந்து. கண்காணிப்பின்றி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவப்பு நாளங்கள் எழும், முகத்தில் மயிர் வளரும், நிறுத்தினால் எரியும். இந்திய அரசு 2018-இல் பல ஸ்டிராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கும் பட்டியலில் சேர்த்தது. பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளும் இன்னும் கைமாறுகின்றன. ஐரோப்பிய அழகுப்பொருள் விதிகளைப் பின்பற்றும் நோர்வேயில் பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புக்கு இடமில்லை; ஹைட்ரோகுயினோன் மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் கிடைக்கும். வெளுப்பு மருந்துகளில் அசெலயிக் அமிலம் கர்ப்ப காலத்திலும் பொதுவாகப் பாதுகாப்பானது என்று கருதப்படுகிறது.

ஆண்டு முழுவதையும் எடுத்துப் பார்த்தால், மங்குக்கு ஒஸ்லோ தரும் வசதி ஒன்று தெரிகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை நகரில் புற ஊதா ஏறக்குறைய இல்லை. தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ இருக்கும் பெண்ணுக்கு இந்த ஓய்வு கிடைப்பதே இல்லை. வெளுப்பு மருந்துகளைத் தொடங்க அது நல்ல காலம். மருத்துவரிடம் முறை வாங்க இலையுதிர்காலத்திலேயே முயல வேண்டும். பிப்ரவரி இறுதியில், பனி இன்னும் கிடக்கும்போதே, சன்ஸ்கிரீன் திரும்ப மேசைக்கு வர வேண்டும். குளிர்கால ஆதாயம் பெரும்பாலும் தொலைவது ஜூலை, ஆகஸ்டில் ஊருக்குப் போகும்போதுதான். நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழா ஆகஸ்டை ஒட்டி வரும். அந்த மாதத்தின் கடைசி நாட்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நண்பகலில் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. தேருக்குக் காத்து மணலில் நிற்கும் இரண்டு மணி நேரம், ஆறு மாதத்து மருந்தைத் தின்றுவிடப் போதும். புறப்படுவதற்கு முந்தைய வாரமே இரண்டு புட்டி நிறமுள்ள சன்ஸ்கிரீனும் ஒரு குடையும் பெட்டியில் ஏற வேண்டும். கோயில் வீதியில் குடை பிடிப்பது ஊரில் யாருக்கும் புதிதல்ல. அங்கே வெயில் உச்சியிலிருந்து இறங்குவதால், ஒஸ்லோவில் தொப்பி செய்ய முடியாத வேலையை அந்தக் குடை செய்யும். வியர்வையில் பூச்சு வழிந்துவிடும் என்பதால் அதை ஒற்றித் துடைத்துவிட்டு, காதோரமும் மேலுதடும் விடாமல், திரும்பவும் இரண்டு விரற்கோடு.